எல்.ஈ.டி. திரைக்கு எவ்வளவு கரண்ட் போகும்? புதிதாகத் திரை எடுப்போருக்கு ஒரு வழிகாட்டி

கல்லடியில் கல்யாண மண்டபம், காரைதீவில் கோயில் திருவிழா, கல்முனையில் நகைக்கடை வாசல் என்று எல்.ஈ.டி. திரை இல்லாத இடம் குறைந்துகொண்டே வருகிறது. மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் பல இளைஞர்கள் கடன் எடுத்துத் திரை வாங்கி வாடகைத் தொழிலில் இறங்குகிறார்கள். வாங்கும்போது விலையை விசாரிக்கிறார்கள், பிட்ச்சை (புள்ளிக்கும் புள்ளிக்கும் இடையிலான தூரத்தை) விசாரிக்கிறார்கள். கரண்ட் எவ்வளவு போகும் என்ற கேள்வி பெரும்பாலும் முதல் பில் வந்த பிறகுதான் எழுகிறது. இல்லாவிட்டால் விழா நடுவில் பிரேக்கர் விழுந்த பிறகு. அதை முன்கூட்டியே கேட்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்றை மனதில் பதித்துக்கொள்ளுங்கள். வயர், பிரேக்கர், ஜெனரேற்றர் மூன்றையும் திரையின் உச்ச அளவுக்குப் போட வேண்டும். பில்லைச் சராசரி அளவில் கணக்கிட வேண்டும். உச்சத்தை வைத்துப் பில் போட்டுப் பார்த்துவிட்டு "இது கட்டுபடியாகாது" என்று பின்வாங்கியவர்களும் உண்டு. சராசரியை நம்பி வயர் போட்டு அதை உருக்கியவர்களும் உண்டு.

பெயர்ப்பலகையில் இரண்டு எண்களைத் தேடுங்கள்

கெபினட்டின் (திரையை அடுக்கிக் கட்டும் பெட்டியின்) பின்பக்க ஸ்டிக்கரிலோ, விற்பவர் தரும் விபரத்தாளிலோ ஒரு சதுர மீற்றருக்கு எத்தனை வாட் என்று இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று உச்சம், மற்றது சராசரி. மண்டபத்துக்குள் வைக்கும் திரைகளில் உச்சம் பொதுவாக 400 முதல் 600 வாட் வரை இருக்கும். வெயிலில் நிற்கும் வெளித்திரைகளில் 600 முதல் 900 வரை போகும். சராசரி, உச்சத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று. முழுத் திரையும் முழு வெளிச்சத்தில் பால் வெள்ளையாக நிற்கும்போதுதான் உச்சம் வரும். சாதாரண வீடியோ ஓடும்போது அது வருவது அபூர்வம். ஆனால் ஒரு செக்கனுக்கு வந்தாலும் பிரேக்கர் அதைத் தாங்கியாக வேண்டும்.

மூன்றாவதாக ஓர் எண்ணையும் கேட்டு வாங்குங்கள்: பவர் சப்ளையின் பவர் ஃபக்டர், அதாவது அது இழுக்கும் கரண்டில் எவ்வளவு பங்கு உண்மையில் வேலைக்கு ஆகிறது என்ற எண். நல்ல சப்ளையில் அது 0.95க்கு மேல் இருக்கும். மலிவான 5 வோல்ட் 40 அம்பியர் பெட்டிகள் பலவற்றில் 0.6ஐச் சுற்றித்தான் நிற்கும். மீட்டரில் ஓடும் யூனிட் இதனால் பெரிதாக மாறாது. ஆனால் அதே வேலைக்கு வயரில் ஓடும் அம்பியர் ஒன்றரை மடங்குக்கும் மேல் கூடிவிடும். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தெரியாத வியாபாரியிடம் நான் என்றால் வாங்க மாட்டேன்.

ரெசல்யூஷன் கூடினால் பில் கூடுமா?

புதிதாக வருபவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி இது. பி10, அதாவது பிட்ச் 10 மில்லிமீற்றர் உள்ள திரையில் ஒரு சதுர மீற்றருக்கு 10,000 புள்ளிகள், பி5இல் 40,000, பி2.5இல் 160,000. அப்படியென்றால் பி2.5க்குப் பதினாறு மடங்கு கரண்ட் போகுமா? போகாது. திரையில் இருந்து வர வேண்டிய வெளிச்சம் ஒன்றேதான். புள்ளிகள் கூடும்போது ஒவ்வொரு புள்ளியும் அதற்கேற்பக் குறைவாக எரிந்தால் போதும். கூடுவது வேறொன்று: அத்தனை புள்ளிகளையும் இயக்கும் டிரைவர் சிப்புகளின் எண்ணிக்கை. படம் ஏதும் இல்லாவிட்டாலும் அவை தம் பங்குக்குக் கரண்ட் குடித்துக்கொண்டே இருக்கும்.

ஆகவே பிட்ச்சைத் தெரிவு செய்யும்போது கரண்டை நினைத்துத் தயங்க வேண்டாம், பார்ப்பவர் எவ்வளவு தூரத்தில் நிற்பார் என்று பாருங்கள். எத்தனை மில்லிமீற்றர் பிட்ச்சோ, கிட்டத்தட்ட அத்தனை மீற்றருக்கு அப்பால் நின்றால் படம் சீராகத் தெரியும். தமிழ் எழுத்துப் போடுகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பி10 மொடியூல் (கெபினட்டில் பொருத்தும் சிறு பலகை) ஒன்றின் உயரம் 16 புள்ளிகள்தான். அந்த உயரத்தில் ஆங்கில எழுத்து நன்றாக நிற்கும். "ஞீ", "ணூ" போன்றவை கரைந்துவிடும், மெய்யெழுத்தின் புள்ளியும் காணாமல் போகும். தமிழுக்கு 24 புள்ளிகளாவது வேண்டும், 32 இருந்தால் நிம்மதி. பி10இல் எழுத்துத் தெளிவில்லை என்று வெளிச்சத்தைக் கூட்டுகிறார்கள். தெளிவு அதனால் வராது, யூனிட் மட்டும் ஏறும்.

கணக்கைக் கையால் போட்டுப் பாருங்கள்

கடை முகப்பில் 4 மீற்றர் அகலம், 3 மீற்றர் உயரத்தில் ஒரு வெளித்திரை என்று வைத்துக்கொள்வோம். பரப்பு 12 சதுர மீற்றர். சதுர மீற்றருக்கு உச்சம் 800 வாட் என்றால் மொத்தம் 9,600 வாட். 230 வோல்ட்டில், பவர் ஃபக்டர் நல்லதாக இருந்தால் அது 44 அம்பியர் அளவில் வரும். 0.6 என்றால் 70 அம்பியர். நம் ஊர்க் கடைகளில் சாதாரணமாக இருக்கும் ஒற்றை பேஸ் 30 அம்பியர் இணைப்பு இதைத் தாங்காது. மூன்று பேஸ் இணைப்பு எடுத்து, கெபினட்டுகளை மூன்றாகப் பிரித்துக் கொடுத்தால் பேஸ் ஒன்றுக்கு 15 முதல் 23 அம்பியர் வரை வரும்.

இனி பில். சராசரி சதுர மீற்றருக்கு 270 வாட் என்றால் முழுத் திரைக்கும் 3.24 கிலோவாட். காலை 6 மணி தொடக்கம் இரவு 10 மணி வரை, 16 மணித்தியாலம் ஒரே வெளிச்சத்தில் ஓடினால் நாளொன்றுக்கு ஏறக்குறைய 52 யூனிட், மாதம் 1,550 யூனிட்டை ஒட்டி வரும். மாலை 6 மணிக்குப் பிறகு வெளிச்சத்தை ஐந்தில் ஒன்றாக இறக்கினால் அந்த நான்கு மணித்தியாலத்துக்கு 13 யூனிட்டுக்குப் பதிலாக, திரை கறுத்துக் கிடந்தாலும் எடுக்கும் கரண்டையும் சேர்த்து, நான்கரை யூனிட்தான் போகும். மாதத்துக்கு 250 யூனிட் மிச்சம். அதற்கு ஒரு சதமும் செலவில்லை, ஒரு செட்டிங் மட்டும்தான்.

யூனிட் விலை அடிக்கடி மாறுவதால் இங்கே ரூபாயில் போடவில்லை. உங்கள் பில்லில் எந்தப் பிரிவு என்று பாருங்கள். கடை என்றால் பொது நோக்கப் பிரிவு, கோயில் என்றால் மத நிறுவனங்களுக்கான பிரிவு. விலை இரண்டுக்கும் வேறு. 42 கேவிஏக்கு (வோல்ட்டையும் அம்பியரையும் பெருக்கி ஆயிரத்தால் பிரித்த அளவு) மேற்பட்ட இணைப்புள்ள பெரிய ஹோட்டல், மண்டபங்களுக்கு மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை உச்ச நேர விலை உண்டு. கல்யாண வரவேற்புகள் விழுவதும் சரியாக அந்த நேரத்தில்தான்.

வெளிச்சத்தைப் பழக்குங்கள்

செலவைத் தீர்மானிப்பது முதலில் வெளிச்சம், பிறகு படம். மற்றவை எல்லாம் அதற்குப் பின்னால்தான். ஆகவே இங்கே கொஞ்சம் நின்று பேசுகிறேன்.

வெளித்திரைகள் 5,000 முதல் 6,000 நிட்ஸ் (திரை வெளிச்சத்தை அளக்கும் அலகு) வரை வெளிச்சம் தருவதற்காகச் செய்யப்பட்டவை. நடுப்பகல் வெயிலோடு போட்டி போடத்தான் அவ்வளவும். வீட்டு ரீவி 300 முதல் 500 நிட்ஸில் ஓடுகிறது. இரவில் அதே வெளித்திரையை முழு வெளிச்சத்தில் விட்டால் வீதியால் வரும் மோட்டார் சைக்கிள்காரருக்கு முன்னால் எதுவும் தெரியாது. விளம்பரமும் வெள்ளைப் பிழம்பாகத் தெரியுமே தவிர எழுத்து வாசிக்க வராது. இரவுக்குச் சில நூறு நிட்ஸ் தாராளம்.

வெளிச்சத்தைக் குறைத்தால் செலவும் ஏறக்குறைய அதே விகிதத்தில் குறையும். கண்ணோ அப்படிப் பார்ப்பதில்லை. பாதியாகக் குறைத்தாலும் கண்ணுக்குக் கால்வாசி மங்கியது போலத்தான் தெரியும். மண்டபத்துக்குள் 100 சதவீதத்தில் ஓடும் திரையை 40க்கு இறக்கிப் பாருங்கள். ஐந்து நிமிடம் கழித்து யாருக்கும் வித்தியாசம் தெரியாது. மேடையில் நிற்பவர்களின் முகம் கமராவில் கறுத்து விழுவதும் நிற்கும். வீடியோக்காரர்கள் உங்களுக்கு நன்றி சொல்வார்கள்.

நோவாஸ்டார், கலர்லைட் போன்ற கட்டுப்பாட்டுக் கருவிகளின் மென்பொருளில் நேரத்துக்கு ஏற்ற வெளிச்ச அட்டவணை போடும் வசதி இருக்கிறது. காலை 6, 9, மாலை 4, 6, இரவு 9 என்று ஐந்து படி போட்டாலே போதும். வெளிச்ச உணரி வாங்கிப் பொருத்தினால் இன்னும் நல்லது. மாரி காலத்தில் பகலிலேயே வானம் இருண்டு கிடக்கும் நாட்களில் திரை தானாகவே இறங்கும். உணரியைத் திரையின் நிழலில் வைக்காமல், திரை எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கம் பார்த்து வையுங்கள்.

திரை எந்தத் திசையைப் பார்க்கிறது என்பதும் கரண்ட் விடயம்தான். கடலோர ஏ4 வீதி கல்முனைப் பக்கமெல்லாம் வடக்குத் தெற்காக ஓடுகிறது. வாகனங்களைப் பார்த்துக் குறுக்கே நிற்கும் திரை வடக்கையோ தெற்கையோ பார்க்கும். கடைச் சுவரில் வீதியைப் பார்த்து ஒட்டிய திரை கிழக்கையோ மேற்கையோ பார்க்கும். முதல் வகையில் நேர் வெயில் சரிவாகத்தான் விழும். இரண்டாம் வகையில் காலையிலோ பின்னேரத்திலோ சூரியன் நேராகத் திரைமேல் அடிக்கும், அந்த நேரத்தில் முழு வெளிச்சம் கொடுத்தாலும் படம் வெளிறும். இடம் தெரிவு செய்யும் சுதந்திரம் இருந்தால் முதல் வகையை எடுங்கள்.

படத்தின் நிறத்தை மாற்றுங்கள்

எல்.ஈ.டி. திரையில் கறுப்பு என்றால் அந்தப் புள்ளி எரியவில்லை என்று பொருள். வெள்ளை என்றால் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் முழுதாக எரிகின்றன. வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்துப் போட்ட விளம்பரம், கறுப்புப் பின்னணியில் மஞ்சள் எழுத்துப் போட்டதைவிடப் பல மடங்கு செலவு. வடிவமைப்பவர் தாளில் அச்சடிக்கும் பழக்கத்தில் வெள்ளைப் பின்னணி கொடுத்துவிடுவார். வாடிக்கையாளர் வெள்ளைதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் முழு வெள்ளையை 80 சதவீத வெள்ளையாக இறக்கச் சொல்லுங்கள். திரையின் காமா வளைவு காரணமாக அந்த 80 சதவீதம் உண்மையில் 60 சதவீத வெளிச்சத்தைத்தான் தரும். எல்.ஈ.டி. குடிக்கும் கரண்டில் 40 சதவீதம் அப்போதே மிச்சம். பார்ப்பவருக்கு அது வெள்ளையாகவே தெரியும்.

கறுப்புத் திரையும் கரண்ட் எடுக்கும்

இரவு 10 மணிக்குக் கணினியில் படத்தை நிறுத்திவிட்டுக் கடையைப் பூட்டிப் போகிறார்கள். திரை கறுத்துக் கிடக்கிறது, ஆனால் அணையவில்லை. பவர் சப்ளைகளும், படத்தை வாங்கிக் கொடுக்கும் றிசீவிங் கார்டுகளும், டிரைவர் சிப்புகளும் விழித்தே இருக்கின்றன. சதுர மீற்றருக்கு 50 வாட் என்று எடுத்தாலும் நமது 12 சதுர மீற்றர் திரை 600 வாட் எடுக்கும். இரவு 10 முதல் காலை 6 வரை 4.8 யூனிட், மாதம் 144 யூனிட். பெயின்ற் கடைக்காரர் ஒருவருக்கு இதைச் சொன்னபோது நம்பவில்லை. இரவில் அவரையே மீட்டர் முன்னால் கூட்டிக்கொண்டு போய்க் காட்ட வேண்டி வந்தது. சிவப்பு லைட் விட்டு விட்டு மின்னிக்கொண்டே இருந்தது.

இதற்கு மருந்து ஒரு டைமரும், அது இயக்கும் பெரிய சுவிட்சான ஒரு கொன்ராக்டரும். நேரம் வந்ததும் 230 வோல்ட்டையே துண்டிக்க வேண்டும். காலையில் போடும்போது எல்லாக் கெபினட்டுக்கும் ஒரே நேரத்தில் கொடுக்காமல் சில செக்கன் இடைவெளி விட்டுப் பகுதி பகுதியாகக் கொடுங்கள். பவர் சப்ளைகள் எழும்பும் கணத்தில் இழுக்கும் கரண்ட் சாதாரண அளவைவிடப் பல மடங்கு, பிரேக்கர் காரணமில்லாமல் விழுவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். இந்தத் தொடக்க இழுப்பைத் தாங்கும் சி வகை பிரேக்கர் போட்டால் இந்தத் தொல்லை குறையும்.

அளந்து பாருங்கள்

விபரத்தாள் சொல்வதை நம்பி நிற்காமல் ஒரு முறை அளந்துவிடுங்கள். கிளாம்ப் மீட்டர் ஒன்று இருந்தால் போதும். வாயைத் திறந்து லைன் வயரை மட்டும் உள்ளே விட வேண்டும். லைனையும் நியூட்ரலையும் சேர்த்துப் பிடித்தால் ஒன்றை ஒன்று அடித்து மீட்டர் பூச்சியம் காட்டும். மூடி கழற்றிய போர்ட்டில் இதை வயர்மன் ஒருவரைக் கொண்டே செய்யுங்கள், கையில் ஈரம் இருக்கக் கூடாது.

மென்பொருளில் உள்ள பரிசோதனைப் படங்களை ஒன்றன்பின் ஒன்றாகப் போடுங்கள்: கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம், வெள்ளை. ஒவ்வொன்றுக்கும் அம்பியரைக் குறித்துக்கொள்ளுங்கள். வெள்ளையில் 20 அம்பியர் காட்டும் மண்டபத் திரை கறுப்பில் 2 அம்பியரைச் சுற்றி நிற்கலாம், கல்யாண வீடியோவில் 6க்கும் 8க்கும் இடையில் ஆடலாம். இந்தத் தாளைக் கெபினட் பெட்டியின் மூடிக்குள் ஒட்டி வையுங்கள். அடுத்த வருடம் திரும்ப அளக்கும்போது கறுப்பில் அம்பியர் கூடியிருந்தால் ஏதோ ஒரு சப்ளையோ மொடியூலோ கெட்டுப்போகத் தொடங்கியிருக்கிறது.

பில்லுக்கான கணக்கை மின்சார சபை மீட்டரிலேயே எடுக்கலாம். ஒரு யூனிட்டுக்கு எத்தனை மின்னல் என்று மீட்டரின் முகத்தில் அச்சடித்திருக்கும். 1600 என்று இருந்தால், கடையில் மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டுத் திரையை மட்டும் ஓட விட்டு ஒரு நிமிடத்துக்கு மின்னலை எண்ணுங்கள். 80 வந்தால் அதை 60ஆல் பெருக்கி 1600ஆல் பிரியுங்கள். விடை 3, அதாவது 3 கிலோவாட். கிளாம்ப் மீட்டரைவிட இது சரியான கணக்கு, ஏனென்றால் பவர் ஃபக்டர் இதில் குழப்பம் செய்யாது.

திருவிழாவுக்கும் வெளிநிகழ்ச்சிக்கும் போகும்போது

மாமாங்கத் தீர்த்தமோ பாண்டிருப்புத் தீமிதிப்போ, கூட்டம் கூடும் இடத்தில் கோயிலின் சொந்த லைனில் திரையை மாட்டக் கேட்பார்கள். "தம்பி, பிளக் பொயின்ற் அங்கே இருக்கிறது, கொழுவிக்கொள்ளுங்கோ" என்று கோயில் நிர்வாகியான வண்ணக்கர் ஐயா காட்டும் இடம் சோடனை லைட்டும் ஸ்பீக்கரும் ஏற்கெனவே தொங்கும் ஒரு 13 அம்பியர் பிளக்காக இருக்கும். அவரிடம் மரியாதையாகச் சொல்லி, போர்ட்டைத் திறந்து பார்க்கும் அனுமதி வாங்குங்கள். தனி பிரேக்கர், தனி வயர் இல்லாமல் திரையைக் கொழுவ வேண்டாம்.

வயர் நீளத்தையும் பாருங்கள். 2.5 சதுர மில்லிமீற்றர் வயரில் 50 மீற்றர் தூரத்துக்கு 16 அம்பியர் ஓடினால் வழியிலேயே 12 வோல்ட் தொலையும். பல்ப் என்றால் மங்கி நிற்கும். திரையின் பவர் சப்ளை அப்படியல்ல. வோல்ட் குறைந்தால் அதே வேலையை முடிக்க இன்னும் கூடுதல் அம்பியரை இழுக்கும், வயர் இன்னும் சூடேறும். சுருளாகச் சுற்றிக் கிடக்கும் எக்ஸ்டென்ஷன் வயரை முழுவதும் அவிழ்த்துப் போடுங்கள்.

ஜெனரேற்றர் வாடகைக்கு எடுக்கும்போது கிலோவாட்டில் பேச வேண்டாம், கேவிஏயில் பேசுங்கள். 9.6 கிலோவாட் உச்சமுள்ள திரைக்குப் பவர் ஃபக்டர் 0.6 என்றால் 16 கேவிஏ திரைக்கு மட்டுமே வேண்டும். ஒலி, ஒளிக்கு மேலதிகம். திரையையும் சவுண்டையும் வெவ்வேறு பேஸில் போட்டால் ஸ்பீக்கரில் வரும் இரைச்சல் குறையும். மூன்று பேஸில் மலிவான சப்ளைகள் ஓடும்போது நியூட்ரலில் கரண்ட் ஒன்றை ஒன்று சமன்செய்து மறைவதில்லை, ஒரு பகுதி கூடிக்கொண்டே போகும். ஆகவே நியூட்ரல் வயர் லைன் வயரைவிட மெல்லியதாக இருக்கக் கூடாது. அந்த நியூட்ரல் கழன்றால் சில கெபினட்டுகளுக்கு 400 வோல்ட் வரை ஏறும், ஒரே நொடியில் பவர் சப்ளைகள் வரிசையாகப் போய்விடும். தொடங்குவதற்கு முன் முறுக்கிப் பார்க்க வேண்டிய ஆணி ஒன்று உண்டென்றால் அது நியூட்ரல் ஆணி. எர்த்தும் ட்ரிப் சுவிட்சும் இல்லாமல் ஈர நிலத்தில் இரும்புச் சட்டம் நிறுத்தவே வேண்டாம்.

யூ.பி.எஸ். கணினிக்கும் வீடியோ புரொசெசருக்கும் மட்டும் போதும். திரையை அதில் போட்டால் யூ.பி.எஸ். இரண்டு நிமிடம்கூட நிற்காது.

சூடு, உப்பு, மழை

திரைக்குள் போகும் கரண்ட் கடைசியில் எல்லாம் சூடாகத்தான் மாறுகிறது. ஏசி போட்ட மண்டபத்தில் சராசரி 2.4 கிலோவாட் எடுக்கும் திரை இருந்தால், அந்தச் சூட்டை வெளியேற்ற ஏசி இன்னும் ஏறக்குறைய 0.8 கிலோவாட் எடுக்கும். மண்டப உரிமையாளர்கள் இதைத் திரையின் செலவில் சேர்ப்பதேயில்லை.

சூட்டில் கணிசமான பங்கு வருவது வீணாகும் வோல்ட்டில் இருந்து. சிவப்பு எல்.ஈ.டி.க்கு 2 வோல்ட் போதும், பச்சைக்கும் நீலத்துக்கும் 3 வோல்ட் சொச்சம் வேண்டும். சாதாரண திரைகளில் மூன்றுக்கும் ஒரே 5 வோல்ட் போகிறது. மிச்சமெல்லாம் டிரைவர் சிப்பில் எரிகிறது. கொமன் கதோட் என்று விற்கும் திரைகளில் சிவப்புக்குக் குறைந்த வோல்ட் தனியாகக் கொடுக்கிறார்கள். விலை கூட. நாள் முழுக்க ஓடும் விளம்பரத் திரைக்கு அந்தக் கூடுதல் பணம் திரும்பி வரும். மாதத்தில் சில கல்யாணத்துக்கு மட்டும் போகும் வாடகைத் திரைக்கு அந்தப் பணத்தை நல்ல பவர் சப்ளையில் போடுவது மேல்.

கச்சான் காற்றுக் காலத்தில் புழுதி வந்து விசிறி வலையை அடைக்கும். உள்ளே சூடேறினால் முதலில் மங்குவது சிவப்பு. வெள்ளை, நீலப் பச்சையாக மாறிக்கொண்டு போனால் வெளிச்சத்தைக் கூட்ட வேண்டாம், வலையைக் கழற்றித் தட்டுங்கள். வாவிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கும் நம் பகுதியில் உப்புக்காற்று பிளக் ஊசிகளைப் பச்சை பூக்க வைக்கும். ஊசி கறுத்தால் அங்கே தடை கூடும், தடை கூடினால் அங்கேயே சூடு. மாதம் ஒரு முறை பவரைத் துண்டித்துவிட்டு ஒவ்வொரு இணைப்பையும் கழற்றித் துடைத்து மாட்டுங்கள்.

வாடை தொடங்கி மழை இறங்கும் கார்த்திகை, மார்கழியில் மட்டும் சிக்கனத்தைக் கொஞ்சம் தளர்த்த வேண்டும். களஞ்சியத்தில் அடுக்கிக் கிடக்கும் வாடகைத் திரையில் ஈரம் இறங்கியிருக்கும். அதை நேராகக் கொண்டுபோய் முழு வெளிச்சத்தில் போட்டால் எல்.ஈ.டி. மணிகள் செத்துவிடும். கிழமைக்கு ஒரு தடவையாவது இரண்டு மணித்தியாலம் ஓட விடுங்கள். முதல் அரை மணித்தியாலம் 10 சதவீத வெளிச்சத்தில் சாதாரண வீடியோ ஓடட்டும், பிறகு 30, அதன் பிறகு 60 என்று ஏற்றுங்கள். 12 சதுர மீற்றர் திரைக்கு இதற்குப் போவது 3, 4 யூனிட்தான். ஈரத்தில் போன ஒரு மொடியூலை மாற்றும் காசுக்கு முன்னால் அது ஒன்றுமேயில்லை. ஓடி முடிந்ததும் சூடு ஆறும் வரை காத்திருந்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பைகளைப் பெட்டிக்குள் போட்டு மூடி வையுங்கள்.